டர்பனிலிருந்து லெசோத்தோவுக்கு: முதன்முறை மலையேறுவோருக்கான பயண வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவிலிருந்து லெசோத்தோவுக்கு ஏறும் மலைப்பாதையான சானி கணவாயின் மேலும் கீழும் உள்ள இரண்டு எல்லைச் சாவடிகளும் காலை 6 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடப்படுகின்றன. லெசோத்தோவுக்குப் போக நினைப்பவர் தாளில் முதலில் எழுத வேண்டியது இந்த இரண்டு எண்களைத்தான்; ஊர்ப் பெயர்களும் தங்குமிடங்களும் அதற்குப் பிறகு வரலாம். டர்பனில் இருக்கும் நமக்குக் கிலோமீட்டரைப் பார்த்து நேரத்தைக் கணக்கிட்டே பழகிவிட்டது. என்3 நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் என்றால் ஒரு மணி நேரம் என்று யோசிக்காமலேயே சொல்லிவிடுவோம். மலைநாட்டில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே எட்டு கிலோமீட்டர் ஏற ஒரு மணி நேரம் ஆகும். ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ஊருக்குப் போவதற்குள் பனிமூட்டம் இறங்கி, இன்னொரு மணி நேரத்தை விழுங்கிவிடும். ஆகவே சாவடி மூடும் நேரத்தையும் பொழுது சாயும் நேரத்தையும் முன்வைத்து, அங்கிருந்து பின்னோக்கித் திட்டமிடுவதே இந்தக் கட்டுரை முழுவதும் பின்பற்றப்படும் முறை.

நாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், லெசோத்தோ நாலாபுறமும் தென்னாப்பிரிக்காவால் சூழப்பட்ட ஒரு சிறிய முடியரசு. 1966 அக்டோபர் 4ஆம் நாள் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. தலைநகர் மசேரு. உலகில் தன் நிலப்பரப்பு முழுவதும் 1,000 மீட்டருக்கு மேல் அமைந்த ஒரே நாடு இதுதான். அங்குள்ள மிகத் தாழ்வான இடமே ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 3,482 மீட்டர் உயரமுள்ள தபானா இன்ட்லென்யானா சிகரம் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலேயே மிக உயர்ந்தது. கடல்மட்டத்தில் காலைத் தேநீர் குடித்துவிட்டு, அதே நாள் மதியம் மூவாயிரம் மீட்டரை நெருங்கப் போகிறோம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எந்த வாசல் வழியாக நுழைவது

டர்பனுக்கு அருகிலுள்ள வாசல் சானி கணவாய். என்3 நெடுஞ்சாலையில் பீட்டர்மரிட்ஸ்பர்க்கைத் தாண்டி, ஹோவிக்குக்கு அருகே ஆர்617 சாலையில் திரும்பி, போஸ்டன், புல்வர் வழியாக அண்டர்பெர்க் சென்று, அங்கிருந்து சில நிமிடங்களில் ஹைம்வில் என்ற சிற்றூரை அடையலாம். இதுவரை ஏறத்தாழ 200 கிலோமீட்டர். நிதானமாகப் போனால் மூன்று மணி நேரம். ஹைம்வில்லைத் தாண்டிப் போனால் தென்னாப்பிரிக்கச் சாவடி வரும். அங்கிருந்து கணவாயின் உச்சியான 2,876 மீட்டர் வரை, எட்டொன்பது கிலோமீட்டர் ஏற வேண்டும். நான்கு சக்கர இயக்கம் இல்லாத வண்டியைத் தென்னாப்பிரிக்கச் சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். “மெதுவாக ஏறிவிடுவேன்” என்று வாதாடிப் பயனில்லை. மேலும் இந்தச் சாலையைச் செப்பனிடும் வேலை பல ஆண்டுகளாகப் படிப்படியாக நடந்து வருவதால், சில நாள்களில் சில மணி நேரம் பாதை அடைக்கப்படுவதுண்டு. புறப்படுவதற்கு முந்தின நாள் அண்டர்பெர்க்கிலோ ஹைம்வில்லிலோ உள்ள உங்கள் தங்குமிடத்தைத் தொலைபேசியில் அழைத்துப் பாதையின் நிலையைக் கேட்பது, எந்த வரைபடச் செயலியை நம்புவதையும் விட நல்லது.

சாதாரண கார் மட்டுமே வைத்திருப்பவர் மனம் தளர வேண்டியதில்லை. அவருக்கு இரண்டு வழிகள் உண்டு. காரை ஹைம்வில்லிலோ அண்டர்பெர்க்கிலோ நிறுத்திவிட்டு, மலைவண்டியில் ஆட்களை ஏற்றிச் சென்று அன்றே இறக்கிவிடும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களிடம் ஒரு நாள் பயணம் பதிவு செய்துகொள்வது முதல் வழி. முதன்முறை போகிறவருக்கு, அவரிடம் மலைவண்டி இருந்தாலும்கூட, நான் இதையே பரிந்துரைப்பேன். ஒருமுறை வேறொருவர் ஓட்டப் பார்த்துவிட்டால் அடுத்த முறை கை நடுங்காது. இரண்டாவது வழி, ஹாரிஸ்மித், கோல்டன் கேட், கிளாரென்ஸ், ஃபூரிஸ்பர்க் வழியாகக் கலிடன்ஸ்போர்ட் சாவடிக்குப் போவது. நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும், ஆனால் தார்ச்சாலை. இன்னும் மேற்கே தள்ளி ஃபிக்ஸ்பர்க் பாலமும் மசேரு பாலமும் உள்ளன. இவை இரண்டும் 24 மணி நேரமும் திறந்திருக்கும். மாலை ஆறு மணி என்ற கவலை வேண்டாம் என்பவர்கள் இவற்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. தென்னாப்பிரிக்காவின் நகரங்களில் வேலை பார்க்கும் லெசோத்தோவின் பசூட்டோ மக்கள் ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஊருக்குத் திரும்புவார்கள். அந்த நாள்களில் மசேரு பாலத்திலும் ஃபிக்ஸ்பர்க் பாலத்திலும் வரிசை பல மணி நேரம் நகராமல் நிற்கும். நமக்கும் ஈஸ்டர்தான் நீண்ட விடுமுறை என்பதால் அப்போதே கிளம்பத் தோன்றும். புனித வெள்ளியன்று இசிபிங்கோ மாரியம்மன் கோவிலுக்குப் போய்விட்டு, மலையை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவையுங்கள்.

எந்த மாதம்

ஆடி மாதத்தில் இங்கே கோவில்களில் கூழ் வார்க்கும் வாரங்கள்தான் மேலே பனி பெய்யும் வாரங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இரவில் வெப்பநிலை உறைநிலைக்கு வெகுவாகக் கீழே போகும். கணவாயின் நிழல் விழும் வளைவுகளில் உருகி ஓடிய நீர் இரவில் கண்ணாடிபோல் உறைந்து, காலை பத்து மணி வரை அப்படியே கிடக்கும். பனியைப் பார்க்கவே போகிறவர்கள் இந்தக் காலத்தில்தான் போவார்கள். புத்தா-புத்தே மாவட்டத்தில் 3,000 மீட்டருக்கு மேல் அமைந்த ஆஃப்ரிஸ்கி என்ற பனிச்சறுக்கு விடுதி இயங்குவதும் அப்போதுதான். ஆனால் ஜூனில் மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. மலை பச்சையாக இருக்கும், அருவிகளில் நீர் நிறைந்திருக்கும். ஆனால் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் இடியும் மின்னலும் ஏறக்குறைய அன்றாட வழக்கம் என்பதால், வெட்டவெளி நடைகளைக் காலையிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். முதன்முறை போவோருக்கு மார்ச் கடைசி முதல் மே முற்பாதி வரையிலான காலமே ஏற்றது: மழை ஓய்ந்திருக்கும், வானம் தெளிந்திருக்கும், குளிரும் தாங்கக்கூடிய அளவில் இருக்கும்.

புரட்டாசியில் வசந்தம் வந்துவிட்டது என்று நம்பிப் போவோர் 2024ஆம் ஆண்டை நினைவில் வைக்கவும். அந்த செப்டம்பர் 20, 21 நாள்களில் பெய்த பெரும் பனியில் ஹாரிஸ்மித் பகுதியில் என்3 நெடுஞ்சாலையே அடைபட்டு, ஏராளமான வண்டிகள் இரவு முழுவதும் நின்றன. நெடுஞ்சாலைக்கே அந்த நிலை என்றால் கணவாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எந்த மாதமானாலும் ஒரு நாள் உபரியாக வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் இருந்தே ஆக வேண்டும் என்றால் சனிக்கிழமை இரவே கீழே இறங்கிவிடுங்கள்.

தாள்கள்

பயணம் கெடுவது பெரும்பாலும் மலையில் அல்ல, சாவடி மேசையில்தான். தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு லெசோத்தோ செல்ல விசா தேவையில்லை; அடையாள அட்டை மட்டும் போதாது, கடவுச்சீட்டே வேண்டும். முத்திரை குத்த வெற்றுப் பக்கங்கள் இருக்கின்றனவா, காலாவதியாக இன்னும் ஆறு மாதமாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கோ படிப்புக்கோ வந்திருப்பவர்களும், ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்து வைத்திருப்பவர்களும் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்க வேண்டும். லெசோத்தோ தென்னாப்பிரிக்காவுக்குள் இருக்கும் மாகாணம் அல்ல, வேறு நாடு. அங்கே காலடி வைத்தால் நீங்கள் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியதாகப் பொருள். ஒருமுறை நுழைவு மட்டுமே அனுமதிக்கும் விசாவில் வந்த தாயார் மலைமேல் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினால், தென்னாப்பிரிக்காவுக்குள் நுழைய அவருக்கு விசா இராது. பலமுறை நுழைவு விசா இருந்தால் மட்டுமே அவரை அழைத்துச் செல்லுங்கள். என் சித்தி ஊரிலிருந்து வந்திருந்தபோது விசாவில் அச்சிட்டிருந்த அந்த ஒற்றைச் சொல்லைச் சாவடிக்கு முந்தின இரவுதான் நாங்கள் கவனித்தோம். அவர் ஹைம்வில்லில் தங்கிவிட, நாங்கள் மட்டும் குற்ற உணர்வோடு மேலே போய் வந்தோம். இது தவிர, இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு லெசோத்தோவின் தரப்பிலும் விதிகள் உண்டு. அவை அவ்வப்போது மாறுவதால், பிரிட்டோரியாவிலுள்ள லெசோத்தோ உயர் ஆணையத்திடம் பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே எழுத்தில் கேட்டு, வந்த பதிலை அச்செடுத்து எடுத்துச் செல்லுங்கள்.

பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருவரின் பெயரும் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழை எடுத்துச் செல்ல வேண்டும். பெற்றோரில் ஒருவர் மட்டும் உடன் வந்தால், மற்றவர் உறுதிமொழியிட்டுக் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதமும் வேண்டும். தங்கை பிள்ளைகளை அழைத்துப் போகும் மாமாக்கள் இதில்தான் மாட்டிக்கொள்வது வழக்கம். தங்கை, மாப்பிள்ளை இருவரிடமிருந்தும் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டியின் தாள்கள் தனி. பதிவுச் சான்றிதழின் நகல், ஓட்டுநர் உரிமம், தென்னாப்பிரிக்க வண்டி என்று காட்ட அதன் பின்புறம் ஒட்டும் ‘இசட்.ஏ’ வில்லை ஆகியவை எல்லோருக்கும் பொது. வண்டி வங்கிக் கடனில் இருந்தால் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக வங்கியின் அனுமதிக் கடிதம் வேண்டும். வாடகை வண்டியானால் வாடகை நிறுவனத்தின் கடிதம். அண்ணனுடைய வண்டியானால் அண்ணனுடைய உறுதிமொழிக் கடிதம். எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் முதன்முதலாகக் கிளம்பியபோது என் பக்கி (பிக்கப்) வண்டியின் கடனில் இன்னும் பதினான்கு தவணைகள் பாக்கி இருந்தன. கடிதம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. சாவடியில் இருந்த அதிகாரி கணினித் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெளியே வண்டியில் நிரம்பியிருந்த மூட்டைகளையும் பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு திரும்பிப் போகச் சொன்னார். தவறு முழுக்க என்னுடையது. வங்கிகள் இந்தக் கடிதத்தைக் கொடுக்கச் சில நாள்கள் எடுக்கும் என்பதால் இரண்டு வாரங்களுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். கூடவே, உங்கள் வண்டிக் காப்பீடு எல்லைக்கு வெளியேயும் செல்லுமா என்று காப்பீட்டாளரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணத்தில் சிக்கல் இல்லை. லெசோத்தோவின் நாணயம் லோட்டி, பன்மையில் மலோட்டி. அந்தச் சொல்லுக்கே மலை என்றுதான் பொருள். ஒரு லோட்டி ஒரு ராண்டுக்குச் சமம். ராண்டை எல்லாக் கடைகளிலும் வாங்கிக்கொள்வார்கள். எல்லையில் வண்டிக்குச் சாலைக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். அதற்கும் மலைமேல் உள்ள சிறு கடைகளுக்கும் சில்லறை நோட்டுகள் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியைத் தயார் செய்தல்

கடற்கரையில் ஓடிப் பழகிய வண்டிக்கு மலை ஒரு புதிய வேலை. டர்பனில் ரேடியேட்டரில் நீர் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிடுவது நம்மில் பலருக்கு வழக்கம். இங்கே அது உறைவதில்லை என்பதால் யாரும் கவலைப்படுவதில்லை. அந்தத் தண்ணீரோடு ஜூலையில் மேலே ஓர் இரவு தங்கினால், அது உறைந்து விரிந்து எஞ்சின் கட்டையையே பிளந்துவிடக்கூடும். ஆகவே கிளம்புவதற்கு முன் பணிமனையில் உறைதடுப்புத் திரவத்தின் அளவைச் சோதித்துக்கொள்ளுங்கள். முன்கண்ணாடி கழுவும் நீரையும் குளிர்தாங்கும் திரவமாக மாற்றுங்கள். காலையில் கண்ணாடிமேல் படிந்த உறைபனியை நீக்க வெந்நீர் ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். பழைய வங்கி அட்டை ஒன்றால் சுரண்டினால் போதும். பலவீனமான பேட்டரி குளிரில் முதலில் கைவிடும் என்பதால் அதையும் சோதிக்க வேண்டும்.

உயரம் கூடக்கூடக் காற்று மெலிவதால், டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் தன் சக்தியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை இழக்கும். கணவாயின் உச்சியில் உங்கள் வண்டி கால் பங்குக்கு மேல் பலவீனமாகிவிடும். வண்டி பழுதாகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். கியரை ஒன்று குறைத்துக்கொள்ளுங்கள்.

எரிபொருளை அண்டர்பெர்க்கில் முழுமையாக நிரப்புங்கள். அதற்குப் பிறகு நம்பத்தக்க நிலையம் மொகோட்லோங் ஊரில்தான் இருக்கிறது. டயரில் தேய்மானம் பாருங்கள். மாற்று டயர் முழு அளவுள்ளதாக இருக்கட்டும். இழுவைக் கயிறு, காற்றடிக்கும் சிறு பம்பு, கைவிளக்கு ஆகியவையும் வேண்டும். குளிர்காலமானால் பனிச்சங்கிலியும் சேர்த்துக்கொண்டு, அதை வீட்டு வாசலிலேயே ஒருமுறை மாட்டிப் பழகுங்கள். விரைத்த விரலோடு முதன்முறை மாட்டக் கற்றுக்கொள்வது நல்ல அனுபவம் அல்ல.

மூட்டையில் என்ன

உடையைப் பொறுத்தவரை ஒரே தடித்த மேலங்கியை விட மூன்று மெல்லிய அடுக்குகள் நல்லவை; பகலில் வெயில் சுடும், நிழலில் குளிர் கடிக்கும். உயரத்தில் வெயில் கடற்கரையை விடக் கடுமையாகத் தோலை எரிக்கும் என்பதால் தொப்பியும் வெயில்தடுப்புக் களிம்பும் குளிர்காலத்திலும் வேண்டும்.

உணவில்தான் நம்மவர்களுக்கு ஒரு தனிப் பாடம் இருக்கிறது. சானி உச்சியின் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பருப்பைத் திறந்த பாத்திரத்தில் போட்டால், இரண்டு மணி நேரம் கழித்தும் பருப்பு பல்லில் தட்டுப்படும். அரிசியும் வெளியே குழைந்து நடுவில் வேகாமல் நிற்கும். சமைத்துச் சாப்பிடும் தங்குமிடம் பிடித்திருந்தால் சிறிய பிரஷர் குக்கரைத் தயங்காமல் எடுத்துச் செல்லுங்கள். என் மனைவி அதை மூட்டையில் வைத்தபோது நான் சிரித்தேன். முதல் இரவு சாம்பார் தயாரானபோது பக்கத்து அறைக்காரர்களும் தட்டோடு வந்து நின்றார்கள். வழியில் தின்ன வாங்கிய சிப்ஸ் பாக்கெட்டுகள் மேலே போகப்போகப் பந்துபோல் உப்பிக்கொண்டே வந்து, ஒன்று பின்னிருக்கையில் ‘படார்’ என்று வெடித்ததில் டயர்தான் போய்விட்டது என்று வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

புரட்டாசி விரதமோ வெள்ளிக்கிழமைச் சைவமோ கடைப்பிடிப்பவர் பட்டினி கிடக்கத் தேவையில்லை. அங்கே அன்றாட உணவே பாப்பா எனப்படும் மக்காச்சோள மாவுக் களியும், மொரோஹோ எனப்படும் கீரையும்தான். கீரையில் இறைச்சிக் கொழுப்போ சாறோ சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஊறுகாய்ப் புட்டி ஒன்று கையில் இருந்தால் அந்தக் களி நம் வீட்டுச் சாப்பாடாகவே மாறிவிடும். பச்சை இறைச்சி, பால் பொருள்கள் ஆகியவற்றைக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டின்பேரில் எல்லையில் தடுக்கக்கூடும் என்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

மருந்துகளில் இன்சுலினைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். நம் வீடுகளில் சர்க்கரை நோய் இல்லாத வீடு குறைவு. வெயிலில் கெட்டுவிடும் என்று குளிரூட்டிப் பையில் வைத்துப் பழகியவர்கள், இங்கே அது உறைந்துவிடாமல் காக்க வேண்டும். ஒருமுறை உறைந்த இன்சுலினைப் பிறகு பயன்படுத்தக் கூடாது. இரவில் வண்டியில் விட்டுவிடாமல், உடம்பின் சூடு படும்படி உள்சட்டைப் பையில் வையுங்கள். சர்க்கரை அளக்கும் கருவியும் கடுங்குளிரில் சரியாக வேலை செய்யாது. கையில் சூடேற்றிக்கொண்டு அளவெடுங்கள். இதயநோய், கடும் மூச்சிரைப்பு உள்ளவர்களும் கருவுற்றவர்களும் உயரத்தைச் சொல்லி மருத்துவரைக் கேட்டுவிட்டே கிளம்ப வேண்டும். மற்றவர்களுக்கு லேசான தலைவலியும் தூக்கக் குறைவும் வரலாம்; தண்ணீர் நிறையக் குடித்து, முதல் நாள் ஓட்டமும் மதுவும் இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தலைவலி கூடிக்கொண்டே போய் வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் மாத்திரையைத் தேடாமல் உடனே கீழே இறங்க வேண்டும். மலேரியா லெசோத்தோவில் இல்லை. பெரிய மருத்துவ வசதி மசேருவுக்கு வெளியே குறைவு என்பதால், உங்கள் மருத்துவக் காப்பீடு எல்லை கடந்தும் செல்லுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். செல்லாதென்றால் பயணக் காப்பீடு எடுங்கள்.

மலையேறும் நாள்

முந்தின இரவை ஹைம்வில்லிலோ அண்டர்பெர்க்கிலோ கழிப்பதே என் முறை. டர்பனிலிருந்து விடியற்காலை கிளம்பி அதே நாளில் ஏறலாம்தான். ஆனால் உடம்பும் வண்டியும் ஓய்ந்திருக்கும்போது ஏறினால் கவனம் கூர்மையாக இருக்கும். குளிர்காலத்தில் ஆறு மணிக்கே சாவடியில் நிற்க வேண்டாம். வெயில் வளைவுகளை எட்டும்வரை காத்திருந்து ஒன்பது மணிக்கு மேல் ஏறுங்கள்.

சாவடியில் முத்திரை வாங்கியதும் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுக்கொண்டு, குறைந்த கியரில், நிற்காமல் சீராக ஏற வேண்டும். எதிரே இறங்கும் வண்டியைக் கண்டால், ஏறுகிறவருக்கு வழிவிடுவதுதான் மலைவழக்கம் என்றாலும், அகலமான இடம் உங்கள் பக்கம் இருந்தால் நீங்களே ஒதுங்கிக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு கிலோமீட்டரில் கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஜன்னலோரம் இருப்பவர் ‘பார், பார்’ என்று கூவினாலும் ஓட்டுநர் பார்க்கக் கூடாது. படம் எடுப்பதை உச்சிக்குப் போய் வைத்துக்கொள்ளலாம். 1948இல் முதல் ஜீப் இந்தப் பாதையில் ஓடும்வரை இது கோவேறு கழுதைகளின் தடமாகவே இருந்தது என்பதை, வளைவுகளைப் பார்த்தால் நம்பத் தோன்றும்.

உச்சியில் லெசோத்தோச் சாவடி. அங்கும் முத்திரை வாங்குவதை மறக்காதீர்கள். காற்று அடிக்கும் அடியில் சிலர் நேரே விடுதிக்குள் ஓடிவிடுகிறார்கள். சாவடிகளைப் படம் பிடிக்காதீர்கள்.

மேலே போன பிறகு

ஒரே நாள் என்றால் சானி உச்சியில் மதியச் சாப்பாடு, அருகிலுள்ள கிராமத்துக்கு ஒரு நடை, மூன்று மணிக்கு இறக்கம். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். மூன்று நாள் இருந்தால் நான் சொல்வது வேறு: இறங்காமல் மேற்கே போங்கள். உச்சியிலிருந்து மொகோட்லோங் வரை தார்ச்சாலை. வழியில் 3,240 மீட்டர் உயரமுள்ள கொட்டிசெபோலா கணவாயைக் கடப்பீர்கள். மொகோட்லோங்கில் இரவு தங்கி, மறுநாள் லெட்செங் வைரச் சுரங்கத்தின் பக்கமாக ஆஃப்ரிஸ்கி, புத்தா-புத்தே வழியே இறங்கிக் கலிடன்ஸ்போர்ட்டில் வெளியேறலாம். இந்தச் சாலையில் குழிகளும் ஆட்டு மந்தைகளும் உண்டு. ஒரு முழுப் பகலை அதற்கு ஒதுக்குங்கள். ஏறிய வழியிலேயே இறங்காததால் கணவாயின் மாலைக் கெடு என்ற பதற்றமும் இராது.

ஒரு வாரம் இருப்பவர் மசேருவை நடுவாக வைத்துக்கொள்ளலாம். நகருக்குக் கிழக்கே அருகில் தபா போசியு என்ற தட்டையுச்சி மலை இருக்கிறது. 1824இல் மொஷ்வேஷ்வே அரசர் தம் மக்களோடு குடியேறி, சிதறிக் கிடந்த குலங்களை ஒரு நாடாகத் திரட்டிய இடம் அது. 1870இல் மறைந்த அவர் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். உள்ளூர் வழிகாட்டியோடு ஏறினால் ஒரு காலைப்பொழுது போதும். அங்கிருந்து தெற்கே செமொன்கோங் செல்லுங்கள். அருகிலுள்ள மலெட்சுன்யானே அருவி ஒரே வீழ்ச்சியாக 192 மீட்டர் விழுகிறது. கோடையில் எழும் நீர்ப்புகையால்தான் ஊருக்குப் ‘புகையிடம்’ என்று பொருள்படும் அந்தப் பெயர். வடக்கே காட்சே அணை 185 மீட்டர் உயரம். 1986இல் இரு நாடுகளும் செய்த ஒப்பந்தத்தின்படி இந்த நீர் மலைக்கடியில் குடைந்த சுரங்கங்கள் வழியாக, ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்துக்குப் போகிறது. ஜோகன்னஸ்பர்க்கில் உறவினர் இருந்தால், அவர்கள் வீட்டுக் குழாயில் வருவதில் ஒரு பங்கு இந்த ஏரிதான் என்று சொல்லிக் காட்டலாம். அணைக்குப் போகும் வழியில் 3,090 மீட்டர் உயரமுள்ள மஃபிகா லிசியு கணவாய் உண்டு. குளிர்காலத்தில் அதன் நிலையைக் கேட்டுவிட்டே புறப்படுங்கள்.

எந்தத் திட்டமானாலும் இரவில் ஓட்டாதீர்கள். கறுப்புக் கம்பளி போர்த்திய இடையரும் அவருடைய கறுப்புக் கழுதையும் விளக்கொளியில் கடைசி நொடியில்தான் தெரிவார்கள். காவல் சோதனை இடங்களில் நிறுத்தப் பலகையைக் கண்டதும் முழுமையாக நின்று, கையசைத்து அழைத்த பிறகே நகர வேண்டும்.

மனிதர்களோடு

நாட்டின் பெயரை அவர்கள் ‘லெசூட்டு’ என்றுதான் ஒலிக்கிறார்கள். ஒருவர் மொசூட்டோ, பலர் பசூட்டோ, மொழி செசூட்டோ. கடையிலோ வழியிலோ பேச்சைத் தொடங்குமுன் ‘டுமேலா’ என்று வணக்கம் சொல்ல வேண்டும். ஆணை ‘ன்டாட்டே’ என்றும் பெண்ணை ‘ம்மே’ என்றும் சேர்த்து அழைக்க வேண்டும். அப்பா, அம்மா என்பதே அச்சொற்களின் பொருள். முன்பின் தெரியாதவரையும் ஐயா, அம்மா என்றழைத்துப் பழகிய நமக்கு இது கடினமாக இராது. நன்றிக்குக் ‘கேயா லெபோஹா’. வணக்கம் சொல்லாமல் நேரே வழி கேட்பவரை அங்கே வளர்ப்புச் சரியில்லாதவராகவே நினைப்பார்கள்.

சாலையோரப் பிள்ளைகள் மிட்டாய் கேட்டு ஓடிவருவார்கள். ஓடும் வண்டியிலிருந்து எதையும் வீசாதீர்கள்; பிள்ளைகள் சக்கரத்தருகே ஓடிவரும் பழக்கம் அதனால்தான் வளர்கிறது. கொடுக்க விரும்பினால் எழுதுபொருள்களைக் கிராமத்துப் பள்ளியில் ஆசிரியரிடம் கொடுங்கள். ஒருவரைப் படம் எடுக்குமுன் கேளுங்கள்.

நினைவுப்பொருளாக ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் பசூட்டோக் கம்பளியை வாங்குங்கள். 1860இல் மொஷ்வேஷ்வே அரசருக்கு ஒரு வணிகர் பரிசளித்த போர்வையிலிருந்து இந்த வழக்கம் தொடங்கியதாகப் பரவலாகச் சொல்கிறார்கள். அதே ஆண்டு நவம்பரில்தான் சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் நம் முன்னோரை இன்றைய டர்பனான நேட்டால் துறைமுகத்தில் இறக்கியது. சுற்றுலாக் கடைகளை விட, மசேருவிலோ புத்தா-புத்தேயிலோ உள்ளூர்ப் பெண்கள் வாங்கும் சாதாரணக் கடைகளில் கேளுங்கள். விலை மலிவல்ல, ஆனால் அன்றிரவே பயன்படும்.

இறங்கும்போது

சானி வழியாகத் திரும்புகிறவர் இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும். கீழ்ச்சாவடி ஆறு மணிக்கு மூடும். இறங்க ஒரு மணி நேரம். எதிரே வண்டி வந்தால், மூடுபனி வந்தால், யாருக்காவது குமட்டினால் இன்னும் அரை மணி. ஆகவே மேலே முத்திரை வாங்கும் நேரம் நாலரையைத் தாண்டக் கூடாது. ஒருமுறை நாங்கள் ஐந்து பத்துக்குப் போய் நின்றோம். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மையார் கடவுச்சீட்டுகளை வாங்கி அடுக்கிவைத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தை விரலால் காட்டி, “இதைக் குத்திவிட்டால் நீங்கள் என் நாட்டிலும் இல்லை, உங்கள் நாட்டிலும் இல்லை, இரவு எங்கே படுப்பீர்கள்?” என்று கேட்டார். நாங்கள் விடுதியில் அறை கேட்டு ஓடினோம்.

இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள். அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். ஏறிய அதே குறைந்த கியரைப் போட்டு, வண்டியின் வேகத்தை எஞ்சினே பிடித்துக்கொள்ள விடுங்கள். கையிலுள்ள மலோட்டி நோட்டுகளை மேலேயே செலவழித்துவிடுங்கள். எல்லையோர ஊர்களைத் தாண்டினால் அவற்றைக் கடைகளில் வாங்கமாட்டார்கள். கீழ்ச்சாவடியை விட்டு நகருமுன், ஒவ்வொரு கடவுச்சீட்டிலும் தென்னாப்பிரிக்காவுக்குள் நுழைந்த முத்திரை அன்றைய தேதியோடு விழுந்திருக்கிறதா என்று வண்டிக்குள் விளக்கைப் போட்டு ஒருவர் சரிபார்க்கட்டும்.